லீன் கோடு வந்ததும் பாகம் மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

காரைக்குடியில் ஒரு பட்டறையில் 21,700 ரூபாய் அழுதிருக்கிறேன். கோளாறு இருந்தது 380 ரூபாய் ரப்பர் குழாயில்.

அப்பச்சி வாங்கிய பழைய பெட்ரோல் கார். பிள்ளையார்பட்டிக்குப் போய்த் திரும்பும்போது செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. நின்றால் வண்டி நடுங்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும்; அதைவிடக் கூடினால் லீன்.

மெக்கானிக் அந்தக் குறியீட்டைப் பார்த்ததுமே, "ஆக்சிஜன் சென்சார் போச்சுண்ணே" என்றார். 6,800 ரூபாய். விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் திருமயம் தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது. அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங் 2,400, அதன்பின் பெட்ரோல் பம்ப் 9,500, மொத்தத்துக்கும் கூலி 3,000. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் விளக்கு எரியாது. சரி, வேலை நடந்திருக்கிறது என்று நானும் நம்பினேன்.

வித்தையே அதில்தான் இருக்கிறது. ஸ்கேனரில் குறியீட்டை அழித்தால் விளக்கும் அணையும், வண்டியின் கம்ப்யூட்டர் கற்று வைத்த கணக்கும் அழியும். அது மறுபடி கற்று, பெரும்பாலான வண்டிகளில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்திலாவது கோளாறைப் பார்த்த பிறகுதான் விளக்கு எரியும். பாவம், அந்த சென்சார் காற்று கூடிவிட்டது என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நான்காம் முறை போனபோது, "எத்தனால் பெட்ரோல்ணே, எல்லா வண்டிக்கும் இதே பிரச்சினைதான்" என்றார். எத்தனால் கலந்தால் கொஞ்சம் லீன் பக்கம் சாயும் என்பது உண்மைதான். ஆனால் அதுதான் காரணம் என்றால் எல்லா வேகத்திலும் சாய வேண்டும்; என் வண்டியில் அப்படி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

தேவகோட்டையில் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை, ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம்மைப் பார்த்தார். கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கிறது என்று காட்டும் எண் அது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 24 சதவீதம். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 4க்கு இறங்கியது. "காத்து எங்கயோ திருட்டுத்தனமா உள்ள போகுது தம்பி. பம்ப் வீக்கா இருந்தா மிதிக்க மிதிக்க ஏறணும்ல, இது இறங்குதே" என்றார். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் அதே ஓட்டை ஒன்றுமில்லை. என் வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிறது. அதைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது.

இன்ஜினில் சேரும் ஆவியைக் காற்றுப் பாதைக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் ஒன்று உண்டு, பிசிவி குழாய் என்பார்கள். அதை மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் பகுதி) ஓரமாக விரலால் நசுக்கினார். நடுக்கம் நின்றது! குழாயின் அடிப்பக்க வளைவில், ஆயில் ஆவியில் ஊறி ரப்பர் வெடித்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. முதல் ஆள் கையை விட்டுத் தடவியிருந்தால் போதும்.

அதனால் லீன் கோடு வந்தால், ஐடிலிலும் 2,500லும் ட்ரிம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். எண்ணைக் காட்டாமல் பாகத்தின் விலையைச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பெரியவர் பின் சீட்டையும் தூக்கச் சொன்னார், பெட்ரோல் பம்ப் அதன் கீழேதான் இருக்கிறது. பம்ப் மூடியில் கம்பெனி பசை பிரிபடவே இல்லை, பம்பை மாற்றவே இல்லை என்று அர்த்தம். மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூசி, கூடவே எப்போதோ உள்ளே விழுந்த மனகோலப் பலகாரத் துண்டு. போட்டோ எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். "பையன் செஞ்ச வேலைண்ணே" என்று 5,000 கொடுத்தார். மீதி பங்குனி கழித்தாம். இப்போது போனை எடுப்பதில்லை. கழற்றிய பழைய சென்சாரையாவது கொடுங்கள் என்று அன்றைக்கே கேட்டிருந்தேன். பழைய இரும்புக்குப் போட்டாச்சாம்.