ரெண்டு சர்வர் இருந்தாலும் பேக்கப் வேணும்: விண்டோஸ் சர்வர் பேக்கப், மூணு வருஷ அனுபவம்

ராணிப்பேட்டை சிப்காட்ல ஷூ அப்பர் எக்ஸ்போர்ட் பண்ற ஒரு கம்பெனில சர்வர் பாத்துக்கிறேன். கம்பெனி மெயிலுக்கு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, ரெண்டு சர்வர் சேத்து டிஏஜி (ஒரே மெயில் டேட்டாபேஸோட காப்பி ரெண்டுலயும் இருக்கற ஏற்பாடு) போட்டு ஓடுது, எந்த சர்வர் ஓடணும்னு முடிவு பண்ண ஓட்டு போடற விட்னஸ் இன்னொரு ஃபைல் சர்வர்ல. பேக்கப்புக்கு விண்டோஸ் கூடவே வர்ற விண்டோஸ் சர்வர் பேக்கப்தான், தனியா ஒரு பைசா குடுக்கல.

"ரெண்டு சர்வர் இருக்குதேப்பா, பேக்கப் இன்னாத்துக்கு"ன்னு எங்க மேனேஜர் கேட்டுக்கினே இருப்பாரு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எடுத்துக்கும், அது வாஸ்தவம். ஆனா யாராவது மெயிலை அழிச்சா அந்த அழிப்பும் லாக் (ஒவ்வொரு மாத்தத்தையும் எழுதி வெக்கிற ஃபைல்) வழியா அடுத்த சர்வருக்குப் போய் அங்கயும் அழிஞ்சிடும், அதுக்கு டிஏஜி ஒண்ணும் பண்ணாது.

போன கத்திரி வெயில் நேரத்துல அதுதான் ஆச்சு. மெர்ச்சண்டைசிங்ல இருக்கற பொண்ணு இத்தாலி பையரோட ஃபோல்டரையே தெரியாம அழிச்சிட்டு மூணு வாரம் கழிச்சு வந்து நிக்கிது, "அண்ணா, ஸ்பெக் ஷீட்டு கலர் அப்ரூவல் எல்லாம் அதுலதாண்ணா இருந்துச்சு"ன்னு குரலே வரல. அழிச்ச மெயில் சர்வர்ல சும்மா விட்டா 14 நாள்தான் இருக்கும், நாங்களும் அதை மாத்தல. மிச்சம் இருந்தது பேக்கப் ஒண்ணுதான்.

நல்லவேளை, நாஸ்ல (நெட்வொர்க்ல மாட்டின ஸ்டோரேஜ் பாக்ஸ்) இருக்கற ஷேர் ஃபோல்டருக்கு எடுக்கறதை அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே நிறுத்திட்டேன். ஷேர் ஃபோல்டருக்கு எடுத்தா கடைசியா எடுத்தது மட்டும்தான் நிக்கும், நேத்து எடுத்தது மேலயே இன்னிக்கு எழுதிடும், இது நெறைய பேருக்குத் தெரியாது. தனியா ஒரு டிஸ்க்கை பேக்கப்புக்குன்னே ஒதுக்கிட்டா இடம் இருக்கற வரைக்கும் பழைய தேதியும் நிக்கும்.

ரீஸ்டோர்ல அப்ளிகேஷன்ஸ் எடுத்து எக்ஸ்சேஞ்சை வேற ஃபோல்டர்ல இறக்கினேன், ஒரே ஒரு ஃபோல்டர் வேணும்னாலும் மொத்த டேட்டாபேஸையும் இறக்கித்தான் ஆகணும், 180 ஜிபி, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அந்தப் பொண்ணு டிபன் பாக்ஸைக் கூடத் தொறக்காம பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. இறங்கினதும் ஈஎஸ்இயூடில்னு எக்ஸ்சேஞ்ச் கூடவே வர்ற டூல்ல எம்ஹெச் ஆப்ஷன் போட்டுப் பாத்தா டர்ட்டி ஷட்டவுன்னு, அதாவது டேட்டாபேஸ் சரியா மூடலன்னு, காட்டும். பயந்துடாதீங்க, இப்டி இறக்கினா அப்டித்தான் வரும். கூடவே இறங்கின லாக் ஃபைல்களை வெச்சு அதே டூல்ல ஆர் ஆப்ஷன் போட்டு ரிக்கவரி ஓட்டினா க்ளீன் ஷட்டவுன் ஆயிடும். அவசரத்துல பி மட்டும் போட்டுடாதீங்க, ரிப்பேர்னு பேரு, ஆனா படிக்க முடியாத பக்கத்தையெல்லாம் தூக்கிப் போட்டுடும். அப்புறம் ரிக்கவரி டேட்டாபேஸா (மெயில் எடுக்கறதுக்கு மட்டும் தனியா) மவுண்ட் பண்ணி, அதுலருந்து அவங்க மெயில்பாக்ஸுக்குக் காப்பி பண்ண மெயில்பாக்ஸ் ரீஸ்டோர் ரிக்வெஸ்ட் குடுத்தேன். சாயந்திரம் அஞ்சரைக்கு அவங்க அவுட்லுக்ல ஃபோல்டர் ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சுது. அடுத்த நாள் ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா என் டேபிள்ல இருந்துச்சு.

குறையும் இருக்குது. டேட்டாபேஸோட ஆக்டிவ் காப்பியை, அதாவது அப்போ ஓடிக்கினு இருக்கறதை, மட்டும்தான் எடுக்கும். கரண்ட் கட்டுல டேட்டாபேஸ் ரெண்டாவது சர்வருக்குத் தாவிடுச்சுன்னா மொதல் சர்வர்ல போட்ட ஷெட்யூல் வேஸ்ட்டு, திரும்ப இந்தப் பக்கம் மூவ் பண்ற வரைக்கும் பேக்கப் கிடையாது. எங்களுக்கு ஒரு தடவை நாலு நாள் அப்டிப் போச்சு, நான் கவனிக்கல, இப்போ தினம் காலைல வந்ததும் மொத வேலையே எது ஆக்டிவ்னு பாக்கறதுதான்.

லாக் விஷயமும் அப்டித்தான். ஒவ்வொரு லாக்கும் 1 எம்பி, ஃபுல் பேக்கப் முடிஞ்சாத்தான் பழசு அழியும், அதுவும் எல்லா லாக்கும் அடுத்த சர்வருக்குப் போய்ச் சேந்திருந்தாத்தான். ஒரு சர்வர் படுத்துக் கெடந்தா பேக்கப் சக்ஸஸ்னு காட்டினாலும் லாக் குமிஞ்சுக்கினே போயி டிஸ்க் ரொம்பி டேட்டாபேஸ் டிஸ்மவுண்ட் ஆயி மெயில் நின்னுடும். விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல 224ங்கற நம்பர் வந்தா பழைய லாக் அழிஞ்சுதுன்னு அர்த்தம், 225 வந்தா ஒண்ணும் அழியல, உடனே பாருங்க.

எங்கள மாதிரி ரெண்டு சர்வர், ஒரு டேட்டாபேஸ், தினம் பாக்க ஒரு ஆளு இருந்தா தாராளமா இதை வெச்சு ஓட்டலாம், அஞ்சுக்கு நாலு குடுப்பேன். நாலஞ்சு டேட்டாபேஸ் ரெண்டு பக்கமும் கலந்து ஆக்டிவா வெச்சிருக்கறவங்க, ஒத்த மெயிலை மட்டும் எடுக்கணும்னு வாரம் ஒருத்தர் வந்து நிக்கற இடத்துல இருக்கறவங்க, காசு குடுத்து வேற வாங்கிடுங்க. எக்ஸ்சேஞ்ச் 2016க்கும் 2019க்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, நாங்களும் மாறணும். மாத்தற அன்னிக்கு மொத நாள் ராத்திரி ஒரு ஃபுல் பேக்கப் எடுத்து, அதை ஒரு தடவை இறக்கியும் பாத்துட்டுத்தான் கை வைக்கப்போறேன்.