மேடிசன் பக்கத்தில் கேம்ப்பிங்: டெவில்ஸ் லேக்கை விட கவர்னர் டாட்ஜ்தான் என் தேர்வு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனில் யாரிடம் கேம்ப்பிங் பற்றிக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் டெவில்ஸ் லேக். அருமையான இடம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் சின்னக் குழந்தைகளோடு முதல் தடவையாக டென்ட் போடப் போகிறவர்களிடம், அதுவும் ஜூலை மாதச் சனிக்கிழமைக்கு, அந்த இடத்தைச் சொல்லாதீர்கள். பகலில் சுற்றிப் பார்க்க நன்றாக இருக்கும் இடம் வேறு, ராத்திரி படுத்துத் தூங்க நன்றாக இருக்கும் இடம் வேறு. விஸ்கான்சினில் இந்த ஊரைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்குள் இத்தனை கேம்ப்கிரவுண்ட் இருக்கின்றன. அதனால் சாயங்காலம் டென்ட் போட்டதிலிருந்து மறுநாள் காலைச் சாப்பாடு வரை எங்கே நிம்மதியாக இருக்க முடியும் என்று பார்த்து இடம் பிடித்தால் போதும். பார்க்க வேண்டியதையெல்லாம் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

சரி, டெவில்ஸ் லேக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். பராபூ ஊரை ஒட்டி இருக்கிறது, மேடிசனிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். 1911-இல் ஸ்டேட் பார்க், அதாவது மாநில அரசின் பூங்கா ஆனது, 9,000 ஏக்கருக்கு மேல். ஏரியின் இரண்டு பக்கமும் 500 அடி வரை உயரும் குவார்ட்சைட் என்ற கெட்டியான கல்லால் ஆன பாறைச் சரிவுகள், 160 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய பாறை. பனியுகத்தில் பனிப்பாளம் தள்ளிக்கொண்டு வந்த மண்ணும் கல்லும் பள்ளத்தாக்கின் இரண்டு முனையையும் அடைத்துவிட, நடுவில் தேங்கியதுதான் இந்த ஏரி. அதனால்தான் தண்ணீர் ஒரு பெரிய தொட்டிக்குள் நிற்பது போல இருக்கிறது. கிழக்குச் சரிவில் ஏறி டெவில்ஸ் டோர்வே, பேலன்ஸ்டு ராக் இரண்டையும் பார்த்துவிட்டு இறங்கினால் காலுக்கு நல்ல வேலை. அந்தக் கல் படிகளில் பலவற்றை 1930-களில் அரசு வேலைத் திட்டத்தில் வந்த இளைஞர்கள் கையால் அடுக்கினார்கள் என்பதை ஏறும்போது நினைத்துப் பாருங்கள், மரியாதை தானாக வரும்.

பிரச்சினை என்னவென்றால் இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள், சிகாகோவிலிருந்தும் மில்வாக்கியிலிருந்தும் கிளம்பி வருகிறார்கள். கோடைகால வார இறுதியில் பார்க்கிங் நிரம்பி வழியும். மூன்று கேம்ப்கிரவுண்ட் இருக்கின்றன: குவார்ட்சைட், நார்தர்ன் லைட்ஸ், ஐஸ் ஏஜ். குவார்ட்சைட் ஏரிக்குக் கிட்ட, ஆனால் திறந்த புல்வெளி, மரநிழல் குறைவு, பக்கத்துச் சைட்டில் (டென்ட் போட ஒதுக்கிய இடத்தில்) என்ன சமைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஐஸ் ஏஜில் மரம் அதிகம், ஆனால் ஏரிக்கு நடந்து போகத் தூரம். அப்புறம் ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி ரயில் பாதை போகிறது. சரக்கு ரயில் எப்போதாவதுதான் வரும், ஆனால் இரண்டு பாறைச் சுவருக்கு நடுவில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், கைக்குழந்தை இருந்தால் இன்னும் நன்றாக யோசியுங்கள்.

இங்கே தங்குவதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு: பகல் கூட்டம் வருவதற்கு முன்னால் விடியற்காலையில் மேலே ஏறிவிடலாம். ஆறு மணிக்கு அந்தப் பாறை மேல் உட்கார்ந்தால் கீழே ஏரியில் காற்றுக்கூட இருக்காது, ஆள் சத்தமும் இருக்காது. அது வேண்டும் என்றால் செவ்வாய், புதன் கிழமை பார்த்து வாருங்கள், அல்லது செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் லேபர் டே விடுமுறை முடிந்த பிறகு வாருங்கள். சனிக்கிழமைதான் முடியும் என்றால் வேறு எங்காவது தங்கிக்கொண்டு, சீக்கிரம் எழுந்து கார் எடுத்து வாருங்கள்.

வேறு எங்காவது என்றால், என்னைக் கேட்டால் கவர்னர் டாட்ஜ் ஸ்டேட் பார்க். டாட்ஜ்வில் ஊருக்கு வடக்கே, ஹைவே 23-இல் மூன்று மைல். மேடிசனிலிருந்து 18/151 நெடுஞ்சாலை பிடித்து மேற்கே வந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 5,000 ஏக்கருக்கு மேல், காக்ஸ் ஹாலோ, ட்வின் வேலி என்று இரண்டு ஏரிகள், இரண்டுமே அணை கட்டி உருவாக்கியவை, இரண்டிலும் குளிக்கக் கரை உண்டு. அதே பெயரில் இரண்டு கேம்ப்கிரவுண்ட். விஸ்கான்சினின் இந்தத் தென்மேற்கு மூலையை மட்டும் பனிப்பாளம் தொடவே இல்லை, அதனால் நிலம் தேய்ந்து சமமாகாமல் மேடும் பள்ளமுமாக, இடுக்குகளும் மணற்பாறைச் சுவர்களுமாக இருக்கிறது. மேடிசனைச் சுற்றி ஏரியும் சோள வயலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு ஊர் போலவே இருக்கும்.

எனக்கு இந்த இடம் பிடித்ததற்குக் காரணம் இயற்கை அழகு மட்டும் இல்லை. கூட்டம் வந்தாலும் பார்க் அதை உள்வாங்கிக்கொள்கிறது. இரண்டு ஏரி இருப்பதால் ஒரு கரையில் ஆள் அதிகம் என்றால் இன்னொன்றுக்குப் போகலாம். ஸ்டீபன்ஸ் அருவிக்கு அரை மைல்தான் நடக்க வேண்டும், நான்கு வயதுக் குழந்தை நடந்துவிடும், பாட்டி தாத்தா ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களும் மெதுவாக வந்துவிடலாம். நம் குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், சின்ன அருவிதான், ஆனால் ஊற்றுத் தண்ணீர், வறண்ட ஆகஸ்டிலும் ஓடுகிறது. ராத்திரி மேடிசன் வெளிச்சத்திலிருந்து விலகி வந்துவிடுவதால் நட்சத்திரம் நன்றாகத் தெரிகிறது. பாலோ பேட்டரியோ மறந்துவிட்டால் மூன்று மைலில் கடை இருக்கிறது. முதல் தடவை போகிற குடும்பத்துக்கு இந்த ஒரு விஷயம் எவ்வளவு தெம்பு தரும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

குறையும் உண்டு. குதிரையில் வருபவர்களுக்குத் தனிப் பாதையும் தனிக் கேம்ப்பும் இருக்கின்றன, சில இடங்களில் நடைபாதை அந்தப் பாதையோடு சேரும், அங்கே கால் வைக்கும்போது பார்த்து வைக்க வேண்டும். சைட்கள் பள்ளமும் மேடுமாக இருப்பதால் சமதளம் கிடைப்பது சைட்டைப் பொறுத்தது. புக் பண்ணும் பக்கத்திலேயே சைட்டின் படம் இருக்கும், பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

புளூ மவுண்ட் ஸ்டேட் பார்க் இன்னும் கிட்ட, மேடிசனுக்கு மேற்கே 25 மைல்தான். தெற்கு விஸ்கான்சினிலேயே உயரமான இடம், 1,716 அடி. உச்சியில் இரண்டு பார்வைக் கோபுரங்கள் இருக்கின்றன. இங்கே ஏரி கிடையாது, ஆனால் நீச்சல் குளம் இருக்கிறது! விஸ்கான்சின் ஸ்டேட் பார்க்குகளில் நீச்சல் குளம் உள்ளது இது ஒன்றுதான். ஏரித் தண்ணீரில் பாசி, களிமண் என்று இறங்கத் தயங்கும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வசதி. பக்கத்திலேயே கேவ் ஆஃப் தி மவுண்ட்ஸ், 1939-இல் கல் உடைக்க வெடி வைத்தபோது வெளியே தெரிந்த சுண்ணாம்புக் குகை. உள்ளே வருடம் முழுவதும் 50 டிகிரி ஃபாரன்ஹீட். மழை பெய்து டென்ட்டுக்குள் உட்கார முடியாத நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போக இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. சைக்கிள் ஓட்டுபவர்கள் ஃபிட்ச்பர்கிலிருந்து டாட்ஜ்வில் வரை 40 மைல் போகும் மிலிட்டரி ரிட்ஜ் பாதையில் மேடிசனிலிருந்தே சைக்கிளில் வந்து தங்கலாம், அவர்களுக்கென்றே சில சைட்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். சைட்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

லேக் கெகான்சா, ஸ்டோட்டன் பக்கம், வீட்டிலிருந்து அரை மணி நேரம். ஒரே ஒரு ராத்திரி போய்ப் பார்க்கலாம், குழந்தை அழுதால் திரும்பி வந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான். ஓக் மரங்கள், சின்ன பார்க், பெரிய ஏரி. யஹாரா ஆறு கோத்துச் செல்லும் நான்கு ஏரிகளில் கடைசியில் இருப்பது இது. சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்து உரச்சத்து கழுவிக்கொண்டு வருவதால் ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் நீலப்பச்சைப் பாசி பிடிப்பது இந்த ஏரிகள் எல்லாவற்றுக்கும் உள்ள தொல்லை. ஜூனில் போங்கள், அல்லது குளிக்கும் ஆசையை விட்டுவிட்டுப் போங்கள்.

மேடிசன் இருக்கும் மாவட்டமான டேன் கவுன்டியின் பார்க்குகளையும் மறக்க வேண்டாம். மென்டோட்டா, பாப்காக், லேக் ஃபார்ம், டோக்கன் கிரீக், பிரிகம் என்று கேம்ப் போடும் இடங்கள் இருக்கின்றன, ஸ்டேட் பார்க்குக்குள் கார் நுழைய வாங்கும் ஸ்டிக்கர் அங்கே தேவையில்லை. டோக்கன் கிரீக் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருப்பதால் லாரிச் சத்தம் கேட்கும், வழிப்பயணத்தில் ஒரு ராத்திரி தங்குபவர்களுக்குச் சரி. பிரிகம் புளூ மவுண்ட்ஸ் ஊர்ப் பக்கம், சின்னது, அமைதியானது, அதிகம் பேர் பேசாத இடம். ஸ்டேட் பார்க் எல்லாம் நிரம்பிவிட்ட வாரத்தில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

தனியார் கேம்ப்கிரவுண்டும் நிறைய உண்டு. நீச்சல் குளம், கோல்ஃப் வண்டி, சனிக்கிழமை ராத்திரி பாட்டு என்று ஒரு திருவிழா மாதிரி நடத்துவார்கள். அப்படி ஒன்றில் நள்ளிரவு தாண்டியும் ஸ்பீக்கர் ஓடியது, அலுவலகத்தில் கேட்க ஆளே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் ஸ்டேட் பார்க்கில் ராத்திரி 11 மணிக்கு மேல் அமைதி என்று வைத்திருக்கும் விதியின் அருமை புரிந்தது.

எந்த பார்க் என்பதை விட எந்தச் சைட் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மேப்பைத் திறந்து முதலில் கழிவறை எங்கே என்று பாருங்கள். ரொம்பக் கிட்ட இருந்தால் ராத்திரி முழுவதும் கதவுச் சத்தமும் டார்ச் வெளிச்சமும், குழிக் கழிவறை என்றால் காற்று திரும்பும்போது வாடையும். ரொம்பத் தூரம் என்றால் ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நாலைந்து சைட் தள்ளி எடுப்பது நல்லது. சைட்களைச் சுற்றி வரும் வளைவுப் பாதையின் நுழைவாயிலில் உள்ள சைட் வேண்டாம், வருகிற கார் எல்லாம் உங்கள் டென்ட் மேல் விளக்கடித்துவிட்டுத்தான் போகும். வளைவின் வெளிப்பக்கம் எடுத்தால் முதுகுக்குப் பின்னால் காடு இருக்கும், உள்பக்கம் எடுத்தால் நாலா பக்கமும் ஆட்கள். கரன்ட் உள்ள சைட் வசதிதான் என்று நினைத்து நம்மவர்கள் அதற்கே போகிறார்கள், ஆனால் அந்தப் பகுதி முழுக்க உள்ளேயே தங்கும் வசதியுள்ள ஆர்வி வண்டிகள் நிற்கும், அவற்றின் ஏசி ராத்திரி முழுவதும் ஓடும். மூச்சுக் கருவியோ குழந்தைக்குப் பால் சூடு பண்ணுவதோ அவசியம் என்றால் எடுங்கள், போன் சார்ஜ் பண்ண கார் போதும். கோடையில் இங்கே இடி மழை அடித்துக்கொண்டு வரும் என்பதால் பள்ளமான சைட்டைத் தவிர்த்துவிடுங்கள், மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள்.

இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து போகிற வழக்கம் நமக்கு. ஒரு சைட்டுக்கு ஒரு குடும்பம் அல்லது 6 பேர் என்பது ஸ்டேட் பார்க் கணக்கு, அதனால் அடுத்தடுத்த சைட்டாகப் பிடியுங்கள், பெரிய கூட்டம் என்றால் குரூப் சைட் எடுங்கள். புக்கிங் 11 மாதம் முன்னாலேயே திறக்கிறது, கோடைச் சனிக்கிழமைகள் அப்போதே போக ஆரம்பிக்கும். ஆனால் கடைசி வாரத்தில் ரத்து பண்ணுபவர்களும் உண்டு, புதன், வியாழன் அன்று விடாமல் பார்த்தால் கவர்னர் டாட்ஜில் இடம் கிடைத்துவிடுவது உண்டு. சைட் வாடகை தனி, கார் ஸ்டிக்கர் தனி என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள். 10 மைலுக்குள் வாங்கியதோ அரசுச் சான்று உள்ளதோதான் ஸ்டேட் பார்க்குக்குள் விடுவார்கள். ஆஷ் மரங்களைக் குடைந்து கொல்லும் மரகத வண்டு 2008-இல் இந்த மாநிலத்துக்குள் வந்தது, அது ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் விறகில் ஏறித்தான். பார்க்கிலேயே கட்டு விறகு கிடைக்கும், விலை கூட என்றாலும் அதையே வாங்குங்கள்.

மே, ஜூனில் உண்ணி அதிகம். மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரும், விஸ்கான்சின் அதற்குப் பேர் போன மாநிலம். முழுக்கால் பேன்ட், சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள், சாயங்காலம் குழந்தைகளின் தலை, அக்குள், முட்டிப் பின்பக்கம் எல்லாம் தடவிப் பாருங்கள். ராத்திரி சாப்பாட்டுப் பையை வெளியே வைத்தால் ரக்கூன் வந்து பிரித்துவிடும், எல்லாம் காருக்குள் போக வேண்டும். முதல் ராத்திரிக்கு வீட்டிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டு போனால் இருட்டில் அடுப்போடு போராட வேண்டாம். குளிர் மேலிருந்து வருவதை விடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், அதனால் ஸ்லீப்பிங் பேகை விட அடியில் போடும் பாய்க்குச் செலவு பண்ணுங்கள், மே மாத ராத்திரிகள் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சர்வ சாதாரணமாகப் போகும்.

எந்த மாதம் என்று கேட்டால் செப்டம்பர் நடுப்பகுதி. கொசு குறைந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றால் கவர்னர் டாட்ஜின் பாதி சைட் காலியாக இருக்கும். அப்போது போகிறவர்கள் ஒரு பகலை பராபூ பக்கம் ஒதுக்கினால், டெவில்ஸ் லேக்கோடு சேர்த்து ஊருக்கு வெளியே உள்ள கொக்கு மையத்தையும் (இன்டர்நேஷனல் கிரேன் ஃபவுண்டேஷன்) பார்த்துவிடலாம். 1973-இல் தொடங்கியது, உலகில் உள்ள 15 வகைப் பெருங்கொக்கும் அங்கே இருக்கின்றன, நம் வட இந்திய வயல்களின் சாரஸ் உட்பட. அக்டோபர் முடிந்தால் குளிர்காலத்துக்கு மூடிவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள்.