ஏற்காடு ஏற ஃபோன் மேப்பா, டீக்கடையா?

சேலம் ஊருக்குள் ஓட்டும்போது ஃபோன் மேப் சொல்வதுதான் எனக்குச் சட்டம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து ரோடு சந்திப்பில் எந்தப் பக்கம் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. முன்னால் போகிறவர்களின் ஃபோன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதை வைத்து மேப் சொல்லிவிடும். இடறுவது ஈரடுக்கு மேம்பாலத்தில் மட்டும்தான். சாட்டிலைட் கணக்கு இடத்தைச் சில மீட்டருக்குள் பிடித்துவிடும், உயரத்தில் அவ்வளவு கெட்டி இல்லை. அதனால் பாலத்தின் மேலே போகிறவனை இடது பக்கம் திரும்பச் சொல்லும்.

கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்துவிட்டால் கதையே வேறு.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுள்ள பாதை ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. ஃபோன் இரண்டையும் நிமிடக் கணக்கில்தான் எடை போடும். இங்கே முதல் கேள்வி, இன்றைக்கு எது திறந்திருக்கிறது என்பது. கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியே ஏறி, குப்பனூர் வழியே இறங்கச் சொல்வது வழக்கம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. இந்த மாதிரிச் சேதி செக்போஸ்ட்டிலும் டீக்கடையிலும்தான் முதலில் கிடைக்கும்.

‘டவர் இல்ல, ஜிபிஎஸ் போச்சு’ என்று பாதி மலையில் புலம்புகிறவர்களுக்கு ஒன்று. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்களில் நான்கின் சிக்னல் கிடைத்தாலே இருக்கும் இடம் தெரிந்துவிடும். டவர் போனால் நிற்பது மேப் படமும் புது வழி தேடுவதும்தான். வீட்டிலேயே வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

காகித வரைபடம்? சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளை யாரும் காரில் விரித்துக்கொண்டு போவதில்லை, நானும்தான். ஆனால் அதில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு இருக்கும். கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருங்கினால் செங்குத்து. ஃபோனின் நீலக் கோட்டில் மலைச்சாலையும் தோட்டத்துத் தடமும் ஒரே தடிமன்.

அப்படித்தான் மாட்டினேன். நாகலூர் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போது நான்கு நிமிடம் மிச்சம் என்றது, திரும்பினேன். தார் ரோடு சிமெண்ட் ஆனது, சிமெண்ட் வெறும் டயர்த் தடம் ஆனது. இரண்டு பக்கமும் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக், எதிரே சங்கிலி போட்ட கேட். இடுப்பில் சாக்கைக் கட்டி காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “ஃபோனு சொல்லுச்சாக்கும்? போன வாரமும் ஒரு காரு வந்துச்சுங்க தம்பி.” அப்புறம் அவரே பின்னால் நடந்து, “ஒடிங்க, இன்னும் ஒடிங்க, ஆங், நேரா வுடுங்க” என்று வழி காட்டினார். அரை கிலோமீட்டர் ரிவர்ஸ். கிளட்ச் தீய்ந்த வாடை இரண்டு நாள் போகவில்லை.

அதற்காக ஆளைக் கேட்டால் தப்பே வராது என்று சொல்லமாட்டேன். ‘பக்கந்தானுங்க’ என்பது ஆறு கிலோமீட்டராகவும் இருக்கும். தெரியாது என்று சொல்ல மனசு வராதவர்களும் உண்டு. எனவே “இப்படிப் போகலாமா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “இதுல பஸ் போகுமா?” என்றுதான் கேட்கிறேன். பஸ் ஏறும் ரோட்டில் என் கார் ஏறும்.

இறங்கும்போது ஃபோன் தரும் நேரத்தையும் நான் கண்டுகொள்வதில்லை. அதை எட்டிப்பிடிக்கப் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாம் கியர்தான்.

போன மாதம் அடிவாரத்தில் நிறுத்தி, மேலே மழையா என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். அவர் தன் ஃபோனை எடுத்து, மேலே இருக்கும் மச்சானைக் கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு, “பதினோராவது வளைவுல மரம் விழுந்து கெடக்குதாமுங்க. அறுத்துட்டு இருக்காங்க. இன்னொரு டீ போடட்டுங்களா?” என்றார்.