நேட்டால் போன சொந்தத்தைத் தேடித் தர்ற சர்வீஸ்: 5க்கு 2 ஸ்டார்தான்

எங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி வட ஆற்காட்டுல இருந்து தென்னாப்பிரிக்கால இருக்கற நேட்டாலுக்கு கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறுனவரு, அவரு வம்சத்தைக் கண்டுபிடிக்கலாம்னு ஒரு கம்பெனிக்கு (பேரு வேணாம் விடுங்க) 9,000 ரூபா கட்டுனேன். மூணு மாசம் இழுத்தடிச்சு அனுப்புனது என்னன்னா அங்க டர்பன் நகரத்துல கோவெண்டர்னு சர்நேம் இருக்கறவங்க லிஸ்ட், 40 பக்கம்! அட, அங்க அது தெருவுக்குப் பத்து பேருக்கு இருக்கற பேருய்யா.

நம்ம கவுண்டர்தான் அங்க கோவெண்டர், முதலி மூட்லி ஆயிடுச்சு. சில வீட்ல கப்பல்ல போனவரோட அப்பா பேரே சர்நேமா நின்னுடுச்சு. அதனால ஒரே சர்நேம்னா ஒரே குடும்பம்னு அர்த்தமே கிடையாது, இந்த அடிப்படை கூடத் தெரியாம காசு வாங்குறாங்க.

உண்மையில பாக்க வேண்டியது கப்பல் லிஸ்ட். 1860 நவம்பர்ல மெட்ராஸ்ல இருந்து போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல போயிருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், கூடவே அப்பா பேரு, வயசு, ஜாதி, ஊரு, தாலுகா. ஊர்ப் பேரை கிளார்க் காதுல விழுந்தபடி எழுதி வச்சிருப்பான், வாய்விட்டுப் படிச்சாதான் பிடிபடும். அந்த நம்பர் கிடைச்சா அங்க கல்யாண, பிறப்புப் பதிவுலயும் தேடலாம்.

ரெண்டு ஸ்டாரும் போன்ல பொறுமையா பேசுன பொண்ணுக்கு. ரீஃபண்ட் இன்னும் வரல.