ஒரே நாடு, மூன்று முதலிடங்கள்: தொழில் தரவரிசைகளை எப்படி வாசிப்பது?

அமெரிக்காவில் தொழில் நடத்தச் சிறந்த மாநிலம் எது? 'சீஃப் எக்ஸிகியூட்டிவ்' பத்திரிகையைக் கேட்டால் டெக்சாஸ். சிஎன்பிசி தொலைக்காட்சியின் 2025 பட்டியலைப் பார்த்தால் வட கரோலினா. டாக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற வரி ஆய்வு அமைப்போ பல ஆண்டுகளாக வயோமிங்கைத்தான் உச்சியில் வைக்கிறது. மூன்றுமே பரவலாக மேற்கோள் காட்டப்படும் பட்டியல்கள். விடை இப்படி மாறுவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. அந்தக் கேள்வி எது என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு முதலீட்டு முடிவுக்குப் போவது ஆபத்து.

சீஃப் எக்ஸிகியூட்டிவ் நிறுவனத் தலைவர்களிடம் கருத்துக் கேட்டு வரிசைப்படுத்துகிறது. ஆண்டுக்கு ஆண்டு டெக்சாஸ் முதலில், கலிஃபோர்னியா கடைசியில். அந்தக் கடைசி இடத்துக்காரரிடம்தான் ஆப்பிள், கூகுள், என்விடியா எல்லாவற்றின் தலைமையகமும் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களிலேயே மிகப் பெரிய பொருளாதாரமும் அதுதான். அதனால் பட்டியல் பொய் என்று ஆகிவிடாது. அங்கே வரியும் வாடகையும் கட்டுப்பாடுகளும் தலைவலி என்பதை அந்தத் தலைவர்கள் உண்மையாகவே சொல்கிறார்கள். தலைவலியோடும் அங்கே இருக்க ஏன் இத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்பதை மட்டும் இந்தப் பட்டியல் சொல்லாது. திறமையான ஆட்களும், புது நிறுவனங்களை நம்பிப் பணம் போடும் துணிகர முதலீடும் ஒரே இடத்தில் கிடைப்பதன் மதிப்பு, 'உங்களுக்கு எந்த மாநிலம் பிடிக்கும்' என்ற கேள்விக்குள் அடங்குவதில்லை.

டாக்ஸ் ஃபவுண்டேஷன் இதற்கு நேர் எதிர். யாருடைய அபிப்பிராயமும் வேண்டாம், வரிச் சட்டம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. வயோமிங்கில் நிறுவன வருமான வரியும் கிடையாது, தனிநபர் வருமான வரியும் கிடையாது. முதலிடம் கிடைக்காமல் எப்படி? ஆனால் அங்கே மொத்த மக்கள்தொகையே ஆறு லட்சத்துக்கும் குறைவு. ஆயிரம் பொறியாளர்கள் வேண்டுமென்றால் எங்கே போவது? இந்தப் பட்டியலின் பலம் அதன் நேர்மை: தான் வரியை மட்டுமே பார்ப்பதாக வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு 'தொழிலுக்குச் சிறந்த மாநிலம்' என்று பரப்புகிறவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

சிஎன்பிசி 2007 முதல் வெளியிடும் பட்டியல் எல்லாவற்றையும் அளக்கப் பார்க்கிறது: உழைப்பாளர்கள், உள்கட்டமைப்பு, பொருளாதாரம், வாழ்க்கைத் தரம், கல்வி என்று பத்துப் பிரிவுகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பது ஆண்டுதோறும் மாறும். மாநிலங்கள் தங்கள் விளம்பரங்களில் எதை அதிகம் சொல்லி முதலீட்டாளர்களை அழைக்கின்றனவோ, அதற்குக் கூடுதல் மதிப்பெண். 2024-இல் முதலிடத்தில் இருந்த வர்ஜீனியா 2025-இல் நான்காவது. அங்கே கூட்டாட்சி அரசின் வேலைக் குறைப்பு போன்ற உண்மையான மாற்றங்களும் நடந்தன. ஆனாலும் மதிப்பெண் முறையே மாறும்போது, இறங்கியது மாநிலமா, நகர்ந்தது அளவுகோலா என்று மொத்த இடத்தை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இதில் நான் மொத்த வரிசையை விட்டுவிட்டுப் பிரிவுவாரி அட்டவணைக்குத்தான் போவேன். சரக்குக் கிடங்கு நடத்துபவருக்கு உள்கட்டமைப்புப் பிரிவில் கிடைத்த இடம், பத்துப் பிரிவும் கலந்த இடத்தைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

நகரங்களை எடுத்துக்கொண்டால் மில்கன் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் பட்டியல் பெயர்பெற்றது. வேலைவாய்ப்பும் சம்பளமும் உயர்தொழில்நுட்பத் துறையும் எவ்வளவு வளர்ந்தன என்று விளைவை வைத்து அளக்கிறது. யூட்டா மாநிலத்தின் புரோவோ–ஓரம் பகுதி 2021 முதல் 2023 வரை தொடர்ந்து முதலிடம் பெற்றது இதில்தான். நடந்ததை இது சரியாகச் சொல்லும். இனி நுழைபவருக்கு அதே நிலைமை காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வளர்ச்சியின் பின்னாலேயே வாடகையும் சம்பளச் செலவும் ஏறி வரும்.

இவை எல்லாவற்றையும்விட நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உலக வங்கியின் 'டூயிங் பிசினஸ்' கதையில் இருக்கிறது. தொழில் நடத்துவது எவ்வளவு எளிது என்று நாடுகளை ஒப்பிட்ட அந்த அறிக்கை, பெரும்பாலான நாடுகளில் ஒரே ஒரு பெருநகரத்தை மட்டும் பார்த்தது. மக்கள்தொகை மிகுந்த சில நாடுகளில் இரண்டு. இந்தியாவுக்கு மும்பையும் டெல்லியும். 142-ஆவது இடத்திலிருந்து 63-க்கு இந்தியா ஏறியது என்று கொண்டாடியபோது, அந்த இரண்டு நகரங்களுக்கு வெளியே தொழில் நடத்தியவர்களின் அனுபவம் கணக்கிலேயே இல்லை. அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. சட்டப்படி நடந்தால் கட்டட அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும் என்று அந்த அறிக்கை வல்லுநர்களைக் கேட்டது. அதே உலக வங்கி, நிறுவனங்களிடம் நேரடியாகவும் ஆய்வு நடத்தி வந்தது. இரண்டையும் பொருளியலாளர்கள் ஒப்பிட்டபோது எண்கள் ஒட்டவே இல்லை. ஒரே நாட்டில் ஒருவருக்குச் சில நாளில் கிடைத்த அனுமதி, இன்னொருவருக்கு மாதக்கணக்கில் இழுத்தது. யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்து விதி வளைகிற இடத்தில் சராசரி நாள் கணக்கு யாருக்கு உதவும்? எனக்கு ஒரு நகரத்தைப் பற்றி ஒரே ஓர் எண்தான் தருவார்கள் என்றால், இந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்ற எண்ணைத்தான் கேட்பேன். கடைசியில் 2018, 2020 அறிக்கைகளின் தரவில் முறைகேடுகள் வெளிவர, 2021 செப்டம்பரில் உலக வங்கி அந்த அறிக்கையையே நிறுத்தியது.

காகிதத்துக்கும் களத்துக்கும் உள்ள இடைவெளியை இந்திய மாநிலங்களின் பட்டியலிலும் பார்க்கலாம். மத்திய அரசின் தொழில் சீர்திருத்தத் தரவரிசை, 2019 பதிப்பில் மாநிலங்கள் 'செய்துவிட்டோம்' என்று சொன்னதை ஒதுக்கி, பயன்படுத்தியவர்களின் கருத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டது. முந்தைய பட்டியலில் மூன்றாவதாக இருந்த ஹரியானா 16-க்கு இறங்கியது. 12-இல் இருந்த உத்தரப் பிரதேசம் இரண்டாவதானது. ஆந்திரா மட்டும் முதலிடத்தை விடவில்லை. தமிழ்நாடு 14-ஆவது. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பட்டியல் அளந்தது சீர்திருத்தத்தின் வேகத்தை. தொழிற்சாலைகளைக் கொண்டுவந்ததோ துறைமுகம், பயிற்சி பெற்ற ஆட்கள், உதிரிபாகத் தொழில்களின் வலைப்பின்னல்.

அப்புறம், எந்தப் பட்டியலிலும் வராத ஒன்று: பேரம். 2017-இல் அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 விண்ணப்பங்கள் குவிந்தன. 2018-இல் அது தேர்ந்தெடுத்தது வர்ஜீனியாவின் ஆர்லிங்டனையும், வரிப் பட்டியலில் எப்போதும் கீழே கிடக்கும் நியூயார்க்கையும். நியூயார்க் பெரிய சலுகைகள் தர முன்வந்திருந்தது. உள்ளூர் எதிர்ப்பு கிளம்பியதால் 2019 பிப்ரவரியில் அமேசான் அங்கிருந்து விலகியது. பெரிய நிறுவனத்துக்கு விதியே தனி. பட்டியலில் உள்ள வரி விகிதம், பேரம் பேச வலுவில்லாத சிறு தொழிலுக்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

சரி, மாற்று வழி இருக்கிறதா? உலக வங்கி 2024-இல் கொண்டுவந்த 'பி-ரெடி' அறிக்கை, சட்டம், பொதுச் சேவை, நடைமுறைத் திறன் என்று மூன்று பகுதிகளுக்குத் தனித்தனி மதிப்பெண் தருகிறது. ஒட்டுமொத்தமாக ஒரே வரிசை கிடையாது. இந்தியப் பட்டியலும் 2020 பதிப்பில் ஒன்று, இரண்டு என்பதைக் கைவிட்டு மாநிலங்களைத் தொகுதிகளாகப் பிரித்தது. தலைப்புச் செய்திக்கு இது சுவையாக இருக்காது. ஆனால் சட்டத்தில் நல்ல மதிப்பெண்ணும் நடைமுறையில் மோசமான மதிப்பெண்ணும் வாங்கிய இடத்தை, கடை திறக்கும் முன்பே அடையாளம் கண்டுகொள்ள முடியும்.