நியூஸ்குரூப்பில் மடல் வராமல் போனால்: பதினோரு வருட அனுபவம்

யூஸ்நெட் என்னும் பழைய இணைய விவாத வலையமைப்பில், சி நிரல்மொழிக்கான காம்ப்.லாங்.சி குழுவை (இப்படிப்பட்ட குழுதான் நியூஸ்குரூப்) பதினோரு வருடமாகத் தினமும் காலையில் வாசித்து வருகிறேன். மடல்களைச் சேமித்துத் தரும் சர்வர்களில் இப்போது இருப்பது எனக்கு மூன்றாவது. முந்தைய இரண்டையும் மூடிவிட்டார்கள். 2024 பிப்ரவரி 22க்குப் பிறகு கூகுள் குரூப்ஸில் யூஸ்நெட்டின் புதிய மடல்கள் வருவதில்லை என்பதால், நண்பர்கள் சிலர் நேரடி சர்வருக்கு மாறினார்கள். "கனெக்ட் ஆகுது, மடல் மட்டும் வரல" என்று அவர்கள் கேட்டதுதான் இதை எழுதக் காரணம்.

என்னை அதிகம் அலைக்கழித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சர்வருக்குப் போனபோது, நியூஸ்ரீடரில் (மடல் வாசிக்கும் மென்பொருள்) பழைய கணக்கின் சர்வர் முகவரியை மட்டும் மாற்றினேன். லாகின் ஆனது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் ஒரு வாரமாகியும் ஒரு மடல்கூட வரவில்லை. குழுவே அடங்கிவிட்டது என்று நினைத்து உண்மையிலேயே வருந்தினேன். கடைசியில், சர்வருக்குக் கட்டளைகளை நேரடியாக அடித்து அனுப்ப உதவும் டெல்நெட்டில், நியூஸ் சர்வரின் வழக்கமான 119ஆம் போர்ட்டுக்கு (இணைப்பு வாசல்) போய், குரூப் கட்டளையைக் கையால் அடித்தேன். 211 (குழு இருக்கிறது) என்ற பதிலோடு மடல்களின் எண்ணிக்கை, முதல் எண், கடைசி எண் மூன்றும் வந்தன. கடைசி எண் 41 ஆயிரத்துச் சொச்சம். எந்த எண் வரை படித்தேன் என்று நியூஸ்ரீடர் குறித்துவைக்கும் என் நியூஸ்ஆர்சி கோப்பிலோ, 1 முதல் 1,52,000 வரை படித்தாயிற்று என்று இருந்தது!

மடல் எண் என்பது ஒவ்வொரு சர்வரும் தனக்கு மடல் வந்துசேர்ந்த வரிசையில் தானே போட்டுக்கொள்வது. பழைய சர்வரின் எண்களை நம்பி, புதிய சர்வரின் மடல்களையெல்லாம் படித்தவை என்று நியூஸ்ரீடர் ஒதுக்கிவிட்டது. அதை மூடிவிட்டு, கோப்பை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தக் குழுவுக்கு நேரே இருந்த எண்களை அழித்தேன். தேங்கிக் கிடந்ததெல்லாம் வந்து கொட்டியது.

தலைப்பு தெரிகிறது, திறந்தால் மடல் இல்லை என்பது வேறு சிக்கல். சர்வரிடமிருந்து 423 என்ற பதில் வந்தால் அந்த எண்ணில் மடல் இல்லை. 430 வந்தால் அந்த மெசேஜ் ஐடியில் (ஒவ்வொரு மடலுக்கும் உரிய தனி அடையாளம்) இல்லை. பெரும்பாலும், வைத்திருக்கும் காலம் முடிந்து சர்வர் நீக்கியிருக்கும். தலைப்பு மட்டும் நம் கணினியில் மிச்சம் இருக்கும். எண் சர்வருக்கு சர்வர் மாறினாலும் மெசேஜ் ஐடி மாறாது. அதை எடுத்து, பழைய மடல்களை நெடுங்காலம் வைத்திருக்கும் வேறொரு சர்வரில் கேட்டால் பலமுறை கிடைத்திருக்கிறது. இழையின் (கேள்வி பதிலாக நீளும் ஒரு உரையாடல்) நடுவே ஒரு மடல் காணாமல் போயிருந்தால், அதற்கு வந்த பதிலில், முந்தைய மடல்களின் ஐடிகளைச் சொல்லும் ரெஃபரன்சஸ் வரியில் அதன் ஐடி இருக்கும்.

480 என்றால் லாகின் கேட்கிறது, 411 என்றால் அந்தக் குழு அங்கே இல்லை; இரண்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மறையாக்கம் செய்த இணைப்புக்கான 563ஆம் போர்ட்டில் டெல்நெட் உதவாது, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவி வேண்டும்.

முதல் சர்வரில் படித்த ஒரு பதிலை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதன் ஐடியைக் குறித்து வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு சர்வரில் கணக்குக் கிடைத்தால் முதலில் கேட்பது அதைத்தான். இதுவரை எல்லா இடத்திலும் 430.