மணாலிப் பனிக்கு எந்த வண்டி? ஃபோர் வீல் டிரைவும் ஆல் வீல் டிரைவும்

மடிப்பாக்கத்தில் இருக்கும் என் மைத்துனர் வரும் ஜனவரியில் குடும்பத்தோடு மணாலிக்குக் காரிலேயே போய்வருவது என்று தீர்மானித்து, அதற்காக மாருதியின் ஜிம்னியையும் கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்பையும் பொறுக்கி வைத்துக்கொண்டு, இரண்டில் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். இரண்டிலும் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், இரண்டுக்கும் தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம், இரண்டின் நான்கு சக்கர இயக்கத்துக்கும் 'ஆல்கிரிப்' என்றே பெயர். "நாலு சக்கரமும் இழுக்கும், ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவருடைய அலுவலக நண்பர் சொல்லிவிட்டாராம். ஒன்றல்ல. ஜிம்னியில் இருப்பது ஃபோர் வீல் டிரைவ். கிராண்ட் விட்டாராவில் இருப்பது ஆல் வீல் டிரைவ். நான்கு சக்கரமும் இழுக்கும் என்பது வரைக்கும்தான் ஒற்றுமை. எப்போது இழுக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற இடத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

ஜிம்னியில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய லீவர் இருக்கும். அதில் டூ ஹெச், ஃபோர் ஹெச், ஃபோர் எல் என்று மூன்று நிலைகள். டூ ஹெச்சில் பின் சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். ஃபோர் ஹெச்சுக்கு மாற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடும்; அதன்பின் இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில்தான் சுழன்றாக வேண்டும். ஃபோர் எல் என்பது அதே பூட்டோடு கியர் விகிதத்தையும் ஏறக்குறைய இருமடங்காக்கி, வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டித் தரும். தார், ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர் ஆகியவற்றின் ஃபோர் பை ஃபோர் (ஃபோர் வீல் டிரைவின் இன்னொரு பெயர்) வகைகளும் அடிப்படையில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இந்தப் பூட்டு என்ன செய்யும் என்பதை அண்ணாநகரில் ஒரு நண்பரின் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கண்ணெதிரே பார்த்தேன். புதிதாக வாங்கிய ஃபோர் பை ஃபோர் வண்டியை உறவினர்களுக்குக் காட்டும் உற்சாகத்தில் ஃபோர் ஹெச்சைப் போட்டுக்கொண்டு, தூண்களுக்கு நடுவே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினார். வண்டி தயங்கித் தயங்கி நகர்ந்தது. யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பது போல இழுத்துப் பிடித்தது. டயர்கள் வழவழப்பான தரையில் கிறீச்சிட்டுத் துள்ளின. வண்டியில் கோளாறு என்று அவர் பதறிப்போனார். கோளாறு எதுவும் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. ஆகவே அவை கூடுதலாகச் சுழல வேண்டும். பூட்டு அதற்கு இடம் கொடுப்பதில்லை. பனியிலோ சேற்றிலோ டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தரையில் வழுக்க வழியில்லாததால், முறுக்கு முழுவதும் அச்சுகளிலும் பல்சக்கரங்களிலும் ஏறுகிறது. அதனால்தான் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் ஹெச்சைப் போடக் கூடாது என்கிறார்கள்.

கிராண்ட் விட்டாராவில் அந்த இரண்டாவது லீவர் இல்லை. ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று ஒரு குமிழ் மட்டும் இருக்கிறது. இயல்பாக முன் சக்கரங்களே வண்டியை இழுக்கும்; பின் அச்சுக்குச் செல்லும் தண்டில் பல தகடுகள் கொண்ட ஒரு கிளட்ச் இருக்கிறது. சென்சார்கள் சக்கரங்களின் சுழற்சியை இடைவிடாமல் கவனித்து, முன் சக்கரம் வழுக்கினாலோ வழுக்கப்போவதாகத் தோன்றினாலோ நொடியின் ஒரு பகுதிக்குள் அந்தக் கிளட்சை இறுக்கிப் பின் சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும். பிடிமானம் திரும்பியதும் தளர்த்திவிடும். 'லாக்' என்று ஒரு நிலை இருந்தாலும் ஜிம்னியைப் போல முழுமையான பூட்டு இல்லாததால் காய்ந்த சாலை, ஈரச்சாலை என்ற கவலை ஓட்டுநருக்கு இல்லை. ஹூண்டாய் டூசானின் ஆல் வீல் டிரைவ் வகையும் இதே வழியில்தான் இயங்குகிறது.

இனி மணாலிச் சாலைக்கு வருவோம். முழுச் சாலையும் ஒரே வெள்ளையாகப் பனி போர்த்தியிருக்கும் என்றுதான் சென்னையில் இருந்தபடி கற்பனை செய்கிறோம். குளிர்காலத்தில் மணாலியிலிருந்து சோலாங் வழியாக அடல் சுரங்கத்தின் தென்வாயில் வரை ஏறும் சாலை அப்படியிருப்பது பனி பொழிந்த சில நாட்களில்தான். மற்ற நாட்களில் வெயில் படும் இடம் காய்ந்த தார், தேவதாரு நிழல் விழும் வளைவு கண்ணாடி போல உறைந்த நீர், அடுத்த நூறு மீட்டர் உருகிய சேறு, மறுபடி காய்ந்த தார் என்று சாலை துண்டு துண்டாக மாறிக்கொண்டேயிருக்கும். இந்த உறைநீரைத்தான் பிளாக் ஐஸ் என்கிறார்கள். உண்மையில் அது கருப்பல்ல, நிறமே இல்லாதது. அடியிலுள்ள தார் அப்படியே தெரிவதால் வெறும் ஈரம் என்றே கண் நம்பிவிடும்.

இப்படிப்பட்ட சாலையில் ஜிம்னியை ஓட்டுபவர் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். காய்ந்த இடம்தானே என்று டூ ஹெச்சில் வந்தால், நிழல் வளைவில் அது வெறும் பின் சக்கர இயக்க வண்டி. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் வால் பக்கம் விலகும். பனி இருக்கிறதே என்று ஃபோர் ஹெச்சிலேயே விட்டால், காய்ந்த கொண்டையூசி வளைவுகளில் கீழ்த்தளத்தில் பார்த்த அதே முறுக்கு. பல வருடம் மலையில் ஓட்டியவருக்கு இது கைப்பழக்கம். முதன்முறை போகும் சென்னைவாசிக்கு, அதுவும் பின் இருக்கையில் குழந்தைகள் 'எங்கே பனி' என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, சரியான இடத்தில் சரியான லீவர் என்பது பெரிய எதிர்பார்ப்பு. இந்த இடத்தில் ஆல் வீல் டிரைவுக்கே நான் ஓட்டுப் போடுவேன். மனிதக் கண்ணுக்குத் தெரியாத வழுக்கலைச் சக்கரத்தின் சென்சார் பிடித்துவிடுகிறது. ஓட்டுநர் மறந்துவிட்டார் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஆனால் இரவு முழுக்கப் பனி கொட்டி, இயந்திரம் வந்து வழித்துத் தள்ளாத கிளைச்சாலையில், கணுக்கால் மூழ்கும் பனியில் ஏற வேண்டும் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே தேவைப்படுவது நொடிக்கு நொடி மாறும் சாமர்த்தியம் அல்ல. நின்று நிதானமாக உருளும் விசை. ஃபோர் எல்லில் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டே வண்டியை நடைவேகத்தில் ஏற்ற முடியும். கிராண்ட் விட்டாராவின் ஆல் வீல் டிரைவில் இந்தத் தாழ்கியர் இல்லை. அதோடு, அதன் கிளட்ச் நீண்ட நேரம் வழுக்கி வழுக்கி வேலை செய்தால் சூடேறும்; சூடு எல்லை மீறினால் தன்னைக் காத்துக்கொள்ள அது விலகிக்கொள்ளும். அப்போது உங்களிடம் மிஞ்சுவது முன் சக்கர இயக்கம் மட்டுமே. அது விலகும் இடம் பெரும்பாலும் உங்களுக்கு அது மிகவும் தேவைப்படும் இடமாகவே இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இறக்கத்திலும் ஜிம்னிக்கு ஒரு சாதகம் உண்டு. ஃபோர் எல்லில் முதல் கியரில் இறங்கும்போது இன்ஜினின் தடை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போவதால், பிரேக்கைத் தொடாமலே வண்டி தவழ்ந்து இறங்கும். பனியில் பிரேக்கைத் தொடாமல் இருப்பதே பாதி வித்தை.

பிரேக் என்று வந்ததும் இரண்டு அணியினரும் சற்று அமைதியாக வேண்டியிருக்கிறது. நான்கு சக்கரமும் இழுப்பது வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும், தாழ்கியர் இருந்தால் தவழ்ந்து இறக்கவும் உதவும். பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்கு எள்ளளவும் உதவாது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. நிற்பதும் வளைவில் விலகாமல் திரும்புவதும் டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வைப் பொறுத்தவை. பிடிமானத்தை அளக்கும் எண்ணான உராய்வுக் கெழு காய்ந்த தாரில் சுமார் 0.7 அல்லது 0.8, இறுகிய பனியில் 0.2 முதல் 0.3, உறைநீரில் 0.1, சில நேரம் அதற்கும் கீழே. எந்த லீவரும் எந்தக் குமிழும் இந்த எண்களை மாற்றுவதில்லை. ஃபோர் பை ஃபோர் சுலபமாக வேகமெடுப்பதால் பிடிமானம் நன்றாக இருப்பதாக ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. முதல் வளைவில்தான் அது பொய் என்று தெரியவரும்.

ஆகவே டயரைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. நம் ஊரில் விற்கும் டயர்களின் ரப்பர் வெப்பத்துக்கு என்று செய்யப்பட்டது. வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியிருக்கும். அதன் மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரங்களுக்கு நடுவே பனித்துகள் பொறித்த முத்திரை இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே என்று அங்கு யாருக்கும் விலக்கு கிடையாது. முன் சக்கர இயக்கச் சிறிய கார் நல்ல குளிர்கால டயரோடு, சாதாரண டயர் போட்ட ஃபோர் பை ஃபோரைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும். ஆனால் சென்னையிலிருந்து மணாலி ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். அதில் பனி என்று சொல்லத்தக்கது கடைசி முப்பது, நாற்பது கிலோமீட்டர். அந்த இளகிய ரப்பரை நாக்பூர் வெயிலில் தேய்த்துக்கொண்டு போவதில் பொருளில்லை. நமக்கு ஏற்றது டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலியான ஸ்னோ செயின்தான். பனி தொடங்கும் இடத்தில் மாட்டி, 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டி, தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். பனி பொழியும் நாட்களில் சோலாங்குக்கு மேலே ஃபோர் பை ஃபோர் வண்டிகளையும் செயின் மாட்டிய வண்டிகளையும் மட்டுமே காவல்துறை அனுமதிப்பது அங்கு வழக்கம்.

மணாலியைத் தவிர வேறு எங்கு பயன்படும் என்றும் மைத்துனர் கேட்டார். ஊட்டிக்கு இரண்டுமே தேவையில்லை. தலைகுந்தாவில் ஜனவரிக் காலையில் புல்வெளி வெள்ளையாக உறைந்திருப்பது உண்மைதான். சாலைக்கு அதனால் பெரிய சேதமில்லை. கல்லட்டியின் 36 கொண்டையூசி வளைவுகளில் ஆபத்து வருவது சூடான பிரேக்கினால், குளிரினால் அல்ல. சென்னை வெள்ளத்தைக் காரணம் காட்டியும் இவற்றை வாங்க வேண்டாம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நின்ற கார்களின் சொந்தக்காரர்கள் செய்ததே சரி. தேங்கிய நீரில் வண்டியைக் காப்பது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இடத்தின் உயரம்; எத்தனை சக்கரம் சுழல்கிறது என்பதல்ல. ஐப்பசி மழையில் ஜிஎஸ்டி சாலையின் ஈரத்தில் மட்டும் ஆல் வீல் டிரைவ் தன் பங்குக்குச் சத்தமில்லாமல் வேலை செய்யும். ஜிம்னியின் லீவரோ அங்கே டூ ஹெச்சை விட்டு நகராது.

ஒரு சிறு பராமரிப்பு வித்தியாசமும் உண்டு. ஆல் வீல் டிரைவில் ஒரு டயர் கிழிந்தால் அதை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது. தேய்ந்த டயரும் புது டயரும் வெவ்வேறு சுற்றளவில் சுழன்று கிளட்சை ஓயாமல் சீண்டும். ஃபோர் பை ஃபோரைப் பல மாதங்கள் டூ ஹெச்சிலேயே ஓட்டினால் எண்ணெய் பரவாமல் உள்ளிருக்கும் பாகங்கள் இறுகும். அவ்வப்போது ஈரமண்ணில் சில கிலோமீட்டர் ஃபோர் ஹெச்சில் ஓட்ட வேண்டும். மடிப்பாக்கத்தில் அதற்கான ஈரமண் மழைக்காலத்தில் தெருவிலேயே கிடைக்கும்.

இமயமலையின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் இருக்கும் கிராமங்களுக்கு ஆண்டுதோறும் குளிரில் போகிறவர் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஜிம்னியைச் சொல்லியிருப்பேன். மைத்துனர் வீட்டில் ஐந்து பேர். ஜிம்னியில் இருக்கை நான்கு. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அக்கா கேட்டது நியாயம்தான். கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்புக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. வண்டி வரும் முன்பே ஒரு ஜோடி செயின் வந்துவிட்டதால், பழைய காரின் முன் சக்கரங்களில் அதை மாட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார். முதல் நாள் வியர்த்து ஒழுக நாற்பது நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் பன்னிரண்டு. இனி கையுறை போட்டுக்கொண்டு ஒருமுறை.